பானட்டுக்கு அந்தப் பக்கம்

உங்கள் ஜீப்பின் பேட்டரி முனையில் வெள்ளை பூத்திருக்கிறது, சார். உள்ளே வரும்போது கவனித்தேன். டிரைவர் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு பேட்டரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிவிட்டால் போதும். காலையில் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகுகிற சங்கடம் இருக்காது. உங்களிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு பழக்கம். எங்கே எது சரியாக ஓடவில்லையோ அது என் கண்ணில் பட்டுவிடும்.

நீங்கள் கேட்பது எங்கள் தெரு அச்சகத்தாரைப் பற்றி. மலைச்சாலையில், சொந்தக் காரில், மனைவிக்குப் பக்கத்து இருக்கையில், இதயம் நின்று இறந்தார் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கார் ஏன் அங்கே முக்கி முனகிக்கொண்டு நின்றது என்பதைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து கேட்டால்தான் அதில் உள்ள நியாயம் விளங்கும். நடுவில் நிறுத்திவிட்டால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும்.

நான் கார் எலக்ட்ரீஷியன். தெருமுனையில் பட்டறை, மேலே வீடு. பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் தெரு இரண்டு பக்கமும் தெரியும். யார் வீட்டுக்குப் புது மெத்தை வந்து இறங்குகிறது, யார் வீட்டு மருமகள் போனில் பேசிக்கொண்டே அழுகிறாள், யார் மருந்துக்கடைப் பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகிறார் எல்லாம் தெரியும். தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். ஒரு காலத்தில் கார் ரேடியோக்களைப் பழுது பார்த்தேன், அதனால் வந்த பெயர் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். இன்னொரு காரணம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "ஊர்ல இருக்கற கதவையெல்லாம் தெறந்து பாக்கறீங்க. நம்ம வீட்டுக் கதவு எண்ணெய் இல்லாம கத்துது, அது காதுல விழல" என்பாள்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது, சார். வயரில் பழுது என்று சந்தேகம் வந்தால் வண்டிக்காரரை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து மெதுவாக விடச் சொல்வேன். நான் பானட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டுவேன். எந்த வயரை ஆட்டும்போது கையிலிருக்கும் கருவியில் எண் துள்ளுகிறதோ, அங்கே பழுது. அவசரப்பட்டால் அகப்படாது. அதுவரைக்கும் வண்டிக்காரருக்கு முன்னால் தெரிவது தூக்கி நிறுத்திய தகரம் மட்டும்தான். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது. காலுக்கு வேலை இருக்கும். வாய்க்கு வேலை இருக்காது. சும்மா இருக்கிற வாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?

முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் விலைவாசி. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அந்த இடத்தில்தான் நாம் காத்திருக்க வேண்டும். நான் "மிதிங்க... விடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு தலைமையாசிரியர் தன் மகன் முகத்தில் விழித்தே வருஷக்கணக்காகிறது என்று அந்தத் தகரத்திடம் சொல்லி அழுதார். நான் "மிதிங்க" என்றேன். மிதித்தார். ஒரு பெண்மணி தன் அக்காவின் நகையை எடுத்தது தான்தான் என்று சொன்னார். "விடுங்க" என்றேன். விட்டார். யாரையும் நான் தோண்டித் துருவியதில்லை. அவர்களாகவே கொட்டினார்கள். நான் பாத்திரத்தைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

அச்சகத்தாரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவர். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். அதனால் தெருவில் அந்தம்மாவுக்குக் கொசு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நானில்லை. பரப்பியது நான்.

அவர்கள் கார் முதல்முறை என்னிடம் வந்தபோது பழுது உண்மையான பழுது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நடந்து வருகிற ஆள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் வந்தது. பின்னால் ஒரு பால்வண்டி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது. இன்ஜின் சக்தி குறைக்கப்பட்டிருக்கிறது என்று உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு.

"எவ்ளோ மிதிச்சாலும் போகமாட்டேங்குதுண்ணே. கோவிச்சுக்கிட்டு வர்ற மாதிரி வருது."

நான் அந்தம்மாவுக்கு விளக்கினேன். உங்களுக்கும் விளக்குகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குள் காற்று போக ஒரு சின்னக் கதவு உண்டு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கார் கம்ப்யூட்டருக்குச் சொல்ல இரண்டு சென்சார்கள். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று இருந்து, அது பொய் சொன்னால் யார் கண்டுபிடிப்பது? அதனால் இரண்டு. ஒரே கதவைத் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லும். இரண்டு பேச்சும் ஒத்துப்போனால் கார் ஓடும். ஒத்துப்போகாவிட்டால், எது பொய் என்று கம்ப்யூட்டர் விசாரித்துக்கொண்டிருக்காது. இரண்டையும் நம்பாது. வீடு போய்ச் சேர மட்டும் கொஞ்சம் சக்தியை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கிக்கொள்ளும். உங்களைப் போல உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிற குணம் அதற்கு இல்லை.

அந்தக் காரில் ஒரு சென்சாரின் வயர் இரும்புப் பட்டையில் உரசி உரசித் தோல் தேய்ந்து, செம்பு தெரிந்தது. அதைப் பிடித்ததும் எண் துள்ளியது. வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்தம்மா அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார். நான் வேறு வயர்களை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை மட்டும் நின்னுடக் கூடாதுண்ணே. மத்த நாள் எப்படி வேணா போகட்டும்."

சனிக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"விசேஷமெல்லாம் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அந்தம்மாவின் அக்கா கடல் தாண்டி இருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். அதைவிட, அதைச் சொன்ன நேரத்தில் கருவியில் எண் தடதடவென்று இறங்கியது. கால் பெடலை விட்டுவிட்டது, சார். வாய் என்ன சொன்னாலும் கால் பொய் சொல்லாது. மேலே கேட்பதற்குள் பால்வண்டிக்காரர் வந்து ஏதோ விசாரித்தார், பேச்சு கலைந்துவிட்டது.

வயரை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, பட்டையில் உரசாதபடி கட்டிக் கொடுத்தேன். முதல் தரமான வேலை. முதல் தரமான வேலையில் ஒரு குறை உண்டு: போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கார் என் பட்டறையைத் தாண்டி மலைப்பக்கம் பறந்தது. அந்தம்மா கையைக்கூட அசைத்துவிட்டுப் போவார். தொண்டையில் முள் சிக்கியவன் ஒழுங்காகச் சாப்பிடுவானா? நான் அப்படித்தான் இருந்தேன். அச்சகத்தார் மாடியில் நின்று கார் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போவார். அவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அவரே காரைக் கொண்டுவந்தார். முன்விளக்கில் ஒரு பல்பு எரியவில்லை. பல்பை மாற்றுவதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியதில்லை. மிதிக்கச் சொன்னேன். நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை. நாள் முழுக்க நோட்டீஸும் விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுக்கிறவர், ஆனால் பேச்சில் ஒரு வரி அதிகமாக வராது. வெயில், விலைவாசி, அப்புறம் மௌனம். நான் காத்திருந்தேன்.

"படி ஏறினா நெஞ்சு மேல யாரோ கைய வெச்சு அமுக்கற மாதிரி இருக்குண்ணே" என்றார். "வீட்ல சொல்லல. அவ எங்கூடப் பேசறதே கொறஞ்சுபோச்சு. எங்கேயோ மனசு போயிடுச்சு. இதச் சொன்னா பரிதாபப்பட்டு இருந்துடுவா. பரிதாபத்துக்காக ஒருத்தி எங்கூட இருக்கறது எனக்கு வேணாம்."

"மிதிங்க" என்றேன்.

ஒரு வீட்டில் ஒருவர் சொன்னது மட்டும் கையில் இருந்தால் அது வதந்தி, சார். இருவர் சொன்னதும் இருந்தால்தான் உண்மை. எனக்குப் பாதி கிடைத்திருந்தது. மீதிப் பாதி சனிக்கிழமைதோறும் மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவரைப் பக்கத்துக் கடையில் டீ குடிக்க அனுப்பிவிட்டு, அந்தப் பிளக்குகளை வைத்தேன்.

உங்கள் ஆள் அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரர். காற்றுக் குழாய்க்கு அடியில் ஒரே டேப்பில் சுற்றிய இரண்டு பிளக்குகள். நீலம், கறுப்பு. சென்சாரை நீலத்தில் மாட்டினால் மின்சாரம் நான் ஈயம் வைத்த நல்ல வயர் வழியாகப் போகும். கார் சொன்னபடி கேட்கும். கறுப்பில் மாட்டினால் வெறுமனே முறுக்கிவிட்ட ஒரு வயர் வழியாகப் போகும். ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. மலை ஏறி இன்ஜின் நன்றாகச் சூடானால் முறுக்கு தளர்ந்து, இரண்டு சென்சாரின் பேச்சும் ஒத்துப்போகாமல், மஞ்சள் விளக்கு வந்துவிடும். ஆறிப்போனால் மறுபடி சரியாகிவிடும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் சொருக ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது. அழகான வேலை. என் தொழிலில் அதைவிட அழகாக நான் எதையும் செய்ததில்லை.

யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். பிரேக்கைத் தொட்டேனா? ஸ்டீயரிங்கைத் தொட்டேனா? வேகமாகப் போய்ச் செத்தவர்களைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். மெதுவாகப் போனதால் யாராவது செத்தார்கள் என்று அதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே கார் திரும்பி வந்துவிட்டது. பாதி மலையில் மஞ்சள் விளக்கு. அந்தம்மா முகம் வெளுத்திருந்தது. உட்காரவைத்தேன், பானட்டைத் தூக்கினேன். வெயிலும் விலைவாசியும் அன்றைக்குத் தேவைப்படவில்லை. அக்கா வீடு இல்லை என்று அவராகவே சொன்னார். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு அறையும் பார்த்து வைத்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மாதக் கடைசியில் போய்விடுவதாக இருக்கிறார்.

"அவர் நல்லவர்தாண்ணே. குடி இல்ல, கோவம் இல்ல. ஆனா வீட்ல ஒரு பேச்சே இல்ல. சொவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு. மொகம் வாடியிருக்கேன்னு கேட்டா ஒண்ணுமில்ல. ராத்திரி எழுந்து ஒக்காந்திருக்கீங்களேன்னு கேட்டா ஒண்ணுமில்ல. எங்கிட்ட சொல்றதுக்கு அவருக்கு ஒண்ணுமே இல்லன்னா, நான் எதுக்கு அங்க?"

ராத்திரி அவர் ஏன் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தகரத்தைச் சுற்றி வந்து ஒரே ஒரு வரி நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ரேடியோ வாயில் எதுவும் தங்காது என்று தெருவே சொல்கிறதே, இது மட்டும் எப்படித் தங்கியது என்றுதானே? நானும் யோசித்தேன். மற்ற சேதிகளெல்லாம் சொன்னால்தான் ருசி. இந்த இரண்டும் வைத்திருந்தால் ருசி. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருப்பது இரண்டும் என் சட்டைப்பையில் இருந்தது. சொல்லிவிட்டால் அது அவர்களுடையதாகிவிடும்.

தவிர, நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தை ஒட்டவைத்தேன். சிரிக்காதீர்கள், சாட்சி இருக்கிறது. கார் மலை ஏறவில்லையென்றால் அந்தம்மா எங்கே போவார்? சாமான்கள் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக நின்றுபோயின. மாதக் கடைசி வந்தது, போனது. கார் என் பட்டறையில் கிடந்த சாயங்காலங்களில் அச்சகத்தார் பரிசோதனை நிலையத்துக்கே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்து வர ஆரம்பித்தார். முதல் வாரம் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற இடம் இருந்தது. அப்புறம் அவர் அந்தம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். ஒருநாள் அந்தம்மா சிரித்தார். என் ஸ்டூல் வரைக்கும் கேட்டது. மாடியிலிருந்து என் மனைவிகூடப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, கார் கெட்டாலும் கெட்டது, புருஷன் ஓட ஆரம்பிச்சுட்டாரு" என்றாள்.

பரிசோதனை நிலையத்திலிருந்து வருகிற வழி மேடு. ஏறும்போது அச்சகத்தார் நடுவில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் மாதிரிக் குனிவார். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் குனிவார். அப்புறம் அதற்குக் கீழேயே குனிய ஆரம்பித்தார். வாரே இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கும் குனிந்தார். அந்தம்மா வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன்.

ஒருமுறை அந்தம்மா என்மேல் நம்பிக்கை இழந்து, பெரிய சர்வீஸ் சென்டருக்குக் காரைக் கொண்டுபோவதாகச் சொன்னார். தாராளமாகப் போங்கள் என்றேன். முந்தின நாள் ஆயில் பார்க்கிற சாக்கில் நீலத்தை மாட்டிவிட்டேன். அங்கே மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும் மறுபடி கறுப்பு. அதற்கப்புறம் அந்தம்மா என்னைத் தவிர யாரிடமும் போகவில்லை. "ஒங்களுக்கு மட்டுந்தாண்ணே இதோட மனசு புரியுது" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் எப்படியும் இதைக் கேட்பீர்கள்.

ஒரு நாள் பானட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மா சொன்னார்: "அந்த ரூம விட்டுடலாமான்னு பாக்கறேண்ணே. சாமானெல்லாம் திருப்பிக் கொண்டாரணும். இப்பல்லாம் வீட்ல கொஞ்சம் பேச்சு இருக்கு. இன்னும் ஏதோ மறைக்கிறார், ஆனா கேட்டா மொகத்தத் திருப்பிக்கறதில்ல."

அதாவது, நான் நினைத்தது நடந்துவிட்டது. குடும்பம் பிழைத்துவிட்டது. கறுப்புக்கு இனி வேலை இல்லை. நீலத்தை மாட்டுவதற்குத்தான் கையை உள்ளே விட்டேன். இது சத்தியம். டேப்பைப் பிரித்து, கறுப்பைப் பாதி கழற்றியும்விட்டேன். அப்போது தோன்றியது: இதை மாட்டிவிட்டால் அந்தம்மா இனி எதற்கு வருவார்? அச்சகத்தார் என்றைக்கு வாயைத் திறப்பார், திறந்தால் அந்தம்மா என்ன சொல்வார், அழுவாரா, கோபிப்பாரா, இவ்வளவு நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாரா, எல்லாம் அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும். எனக்கு வெறும் கார் போகிறது மட்டும் தெரியும். கறுப்பையே அழுத்தி மாட்டி, டேப் சுற்றினேன். இன்னும் கொஞ்ச நாள் என்று நினைத்தேன். எல்லோரும் நினைப்பதுதானே.

அது நடந்த அன்று மத்தியானம் மழை. அச்சகத்தில் ஒரு காகிதக் கட்டைத் தூக்கும்போது அவர் சாய்ந்துவிட்டார். ஊர் மருத்துவமனையில் பார்த்தவர்கள், இங்கே வசதி இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள், நேரத்தோடு போனால் பிழைத்துவிடுவார் என்றார்களாம். அங்கிருந்த ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. காத்திருக்க மனமில்லாமல் அந்தம்மாவே காரை எடுத்தார்.

என் பட்டறை வழியாகத்தான் வந்தார்கள். வேகத்தடைக்காகக் கார் மெதுவானது. அச்சகத்தார் முன் இருக்கையில் தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார். யார் பார்த்தாலும் விளங்கும். எனக்குக் கூடுதலாகவே விளங்கியது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன், சார். கையைத் தூக்கினேன். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான். அந்தம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஓடிப்போய்த் தட்டியிருக்கலாம்தான். ஆனால் மழைக்கு ஒதுங்கித் தெருவில் பாதிப்பேர் என் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் பானட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால், இது என்ன, இங்கே ஏன் இரண்டு பிளக் என்று யாராவது கேட்கமாட்டார்களா? தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

தவிர, மழை நாள். இன்ஜின் அவ்வளவு சூடாகாது என்று நினைத்தேன். இதை நான் உண்மையாகவே நினைத்தேன்.

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். போன் வந்தது.

"அண்ணே, மறுபடியும் அதே. மஞ்ச லைட்டு. ஏறமாட்டேங்குது. இவருக்கு வேர்க்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காரை ஓரம் கட்டு, பானட்டைத் திற, காற்றுக் குழாய்க்கு அடியில் கையை விடு, டேப்பைப் பிய், கறுப்பைக் கழற்றி நீலத்தில் சொருகு, திரும்ப ஸ்டார்ட் செய். ரத்தக்குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற கை அது. ஒரு பிளக்கைக் கண்டுபிடிக்காதா? ஆனால் சொருகி முடித்த மறுநிமிஷம் அந்தம்மா கேட்கப்போகிற கேள்வியும் எனக்குத் தெரிந்தது.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஆற விடுங்கம்மா" என்றேன். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும். போனை வெக்காதீங்க. நான் இருக்கேன்."

அந்தம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்தார். மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அச்சகத்தார் மூச்சு வாங்குவது கேட்டது. "இதுக்கு முன்னாடி இவருக்கு வலியே வந்ததில்லையேண்ணே, திடீர்னு எப்படி" என்று அந்தம்மா கேட்டார். பின்னால் வந்த வண்டி ஒன்றைக் கைகாட்டிப் பார்த்தார். அது தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. பாதி ஆறுவதற்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தார். பழக்கதோஷத்தில் நான், "மெதுவா மிதிங்க... விடுங்க" என்றேன். கார் கொஞ்சம் ஊர்ந்து மறுபடி நின்றது. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அச்சகத்தார் பேசினார். தெளிவாகத்தான் பேசினார். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

அந்தம்மா, "நானும் சொல்லணும். மொதல்ல நான் சொல்லிடறேன்" என்றார்.

இத்தனை மாதம் அந்த இரண்டு பேச்சையும் நான் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், சார். ஒருவர் போன பிறகு இன்னொருவர். நடுவில் தகரம். முதல்முறையாக இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். நான் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அந்தம்மா அழுதுகொண்டே அறை, சாமான், சனிக்கிழமை என்று என்னவோ சொன்னார். அச்சகத்தார் குரல் ரொம்ப மெல்ல ஏதோ சொன்னது. மழையில் சரியாக விழவில்லை. "என்ன சொன்னார், என்ன சொன்னார்?" என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது. கட்டானதா, அந்தம்மா கட் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். "முக்கியமான எடத்துல கட்டாயிடுச்சு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறாள். அன்றைக்கு உள்ளே போய்த் துணிகளை எடுத்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தாள். தன் தம்பி வீட்டில் இருக்கிறாள் இப்போது. கதவுக்கு நான் எண்ணெய் போட்டுவிட்டேன், சொல்லியனுப்பியும் வரவில்லை.

ஆக, நடந்தது இதுதான். பிளக்குகளை வைத்தது நான். தெரிந்தே வைத்தேன். அன்றைக்கு அந்தக் காரைப் போகவிட்டதும் நான்தான். போனில் சரியான பதிலைச் சொல்லாமல் இருந்ததும் நான்தான். அவர் நெஞ்சு வலியைப் பற்றி முன்னமே தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. கொலை என்று எழுதுவீர்களோ, வேறு என்னவென்று எழுதுவீர்களோ, அது உங்கள் வேலை. நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கெட்ட எண்ணம் என்று எனக்குள் ஒரு துளியும் இருந்ததில்லை. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் எனக்கென்ன அக்கறை?

நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, சார். ஒன்றுகூடப் பாக்கி வைக்கவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறவரைக் கொஞ்சம் வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். அந்தம்மா நேற்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். போன் கட்டான பிறகு அச்சகத்தார் கடைசியாக என்ன சொன்னாராம்?